விசை யாருக்குப் போகிறது? வடிவமைப்பு மென்பொருள் செய்யும் தமிழ்ப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பொறியாளர்களுக்கு,

வணக்கம். கல்யாணப் பத்திரிகை, சாந்திக் கல்யாண அழைப்பு, கோயில் திருவிழா நோட்டீஸ், ஆத்தங்குடிக் கல் கேட்லாக், கண்டாங்கிச் சேலைக்கு அட்டைப்பெட்டி என்று நாள் முழுக்க டிசைன் செய்து பிழைக்கிற காரைக்குடிக் கடை ஒன்றிலிருந்து இதை எழுதுகிறேன். காலையில் கடை திறந்ததும் நாங்கள் ஓடவிட்டு இரவு வரைக்கும் மூடாமல் வைத்திருக்கும் மென்பொருள்களைச் செய்கிற நிறுவனங்களில் நீங்கள் இருக்கிறீர்கள். சென்னையில், பெங்களூரில், கடல் கடந்தும் இருக்கிறீர்கள். 1952-இலிருந்து எங்கள் ஊரில் இருக்கிற அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டுப் போனவர்களும் உங்களில் இருக்கலாம்.

புகார்ப் படிவத்தை நிரப்பாமல் உங்களுக்குத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. நான் சொல்லப்போகும் கோளாறு, ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்பவர் கண்ணுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். தமிழில் தட்டச்சு செய்கிறவர்தான் அதை முழுசாகப் படுகிறார். மென்பொருளின் உள்பக்கமும் தமிழ்த் தட்டச்சும் இரண்டும் தெரிந்தவர்கள் நீங்கள்தான்.

விஷயம் இதுதான். உங்கள் மென்பொருளில் ஒரே விசைக்கு இரண்டு வேலை. எழுத்துப் பெட்டிக்குள் கர்சர் இருந்தால் அது எழுத்து. பெட்டியை விட்டு வெளியே, கேன்வாஸ் என்கிற வரைபரப்பில் ஃபோகஸ் (தட்டும் விசையை வாங்கிக்கொள்ளும் இடம்) இருந்தால் அதே விசை கட்டளை. வி தட்டினால் தேர்வுக் கருவி, டி (T) தட்டினால் எழுத்துக் கருவி, இசட் தட்டினால் ஜூம். இந்த ஒற்றை விசை ஷார்ட்கட்டுகள் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு கை மவுஸில், ஒரு கை கீபோர்டில் என்று பழகிய ஆபரேட்டருக்கு அவை இல்லாமல் தை மாதத்து வேலையை முடிக்க முடியாது. என் குறை வேறு. இந்த நொடியில் தட்டப்போகும் விசை எழுத்தாகப் போகுமா, கட்டளையாகப் போகுமா என்பதைத் திரையில் காட்டுவது மினுக்கும் ஒரு மயிரிழைக் கோடு மட்டுமே. அது ஆபரேட்டர் கண்ணில் படாத நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை யாரும் பொறுப்பெடுத்துப் பார்க்கவில்லை. தமிழ் என்று வந்தால் அந்தப் பொறுப்பின்மை இரட்டிப்பாகிறது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு அறிவித்த தமிழ்99 விசைப்பலகை உங்களுக்குத் தெரிந்ததே. உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து பெரும்பாலும் வலது கைக்கு. பழகியவர் விரல் விசையைப் பார்க்காது, கண் பிரதியில் இருக்கும். இப்போது எங்கள் வேலையின் முதல் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பிள்ளையார் சுழி இல்லாமல் பத்திரிகை அடிக்க மாட்டோம். தமிழ்99-இல் உகரம், எழுத்துக் கருவிக்குரிய டி (T) விசையில் இல்லை, எஸ்ஸுக்கு அடுத்த டி (D) விசையில் இருக்கிறது. அடோபி நிறுவனத்தின் படம் வரையும் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் அந்த விசைக்கு உள்ள கட்டளை, தேர்ந்தெடுத்த உருவத்தின் நிறத்தையெல்லாம் நீக்கி வெள்ளை நிரப்பும் கறுப்புக் கோடுமாக ஆக்குவது. போட்டோஷாப்பில் அதே விசை முன்னிறத்தையும் பின்னிறத்தையும் கறுப்பு வெள்ளைக்குத் திருப்பும்.

அடுத்து பெயர்கள். செட்டிநாட்டுப் பத்திரிகையில் பெயரைவிட விலாசம் நீளம். பெயருக்கு முன்னால் வரும் குடும்ப முதலெழுத்துகளைத்தான் விலாசம் என்கிறோம். லெ.மு.லெ. என்று எழுத்தும் புள்ளியுமாக வரிசை போகும். ஒவ்வொரு புள்ளிக்கும் முற்றுப்புள்ளி விசை. இல்லஸ்ட்ரேட்டரில் முற்றுப்புள்ளி விசை தேர்ந்த உருவத்துக்கு கிரேடியன்ட், அதாவது ஒன்றிலிருந்து ஒன்றாகக் கரையும் நிறம் போடும். காற்புள்ளி விசை ஒற்றை நிறம் போடும். அதற்கு அடுத்த சாய்கோட்டு விசை நிறமே இல்லாமல் ஆக்கும். அந்தச் சாய்கோட்டு விசையில்தான் தமிழ்99-இல் ழகரம் உட்கார்ந்திருக்கிறது. அழைப்பிதழ் என்று அடித்துப் பாருங்கள். அகரம் தட்டியதும் நேரடித் தேர்வுக் கருவி கைக்கு வரும். ழகரத்தில் நிறம் போகும். ஐகாரத்தில் சுழற்றும் கருவி, இகரத்தில் அளவு மாற்றும் கருவி, தகரத்தில் நீள்வட்டக் கருவி, இரண்டாம் ழகரத்தில் மறுபடி நிறநீக்கம், கடைசிப் புள்ளிக்குத் திரையின் தோற்றமே மாறிப்போகும். எங்கள் தொழிலின் பெயரையே ஒரு தடவை அடித்தால் இத்தனை.

இது ஒரு நிறுவனத்தின் தனிக் குற்றம் இல்லை. போட்டோஷாப்பில் மூவ் கருவி கையில் இருக்கும்போது எண் விசையைத் தட்டினால் லேயரின் (படத்தின் ஓர் அடுக்கின்) ஒளிபுகாத் தன்மை மாறும். ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளிலும் உருவத்தைத் தேர்ந்துவிட்டு எண்ணைத் தட்டினால் அதேதான். முகூர்த்தத் தேதியையும் கைபேசி எண்ணையும் கேன்வாஸில் தட்டிவிட்டால் ஏதோ ஒரு லேயர் லேசாக மங்கிப்போகும். திரையில் சட்டென்று தெரியாத அந்த மங்கல் அச்சில் நன்றாகத் தெரியும்.

இந்தச் சிக்கல் நேற்று வந்ததும் அல்ல. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1974-இல் பட்லர் லாம்ப்சன், சார்லஸ் சிமோனி முதலியோர் உருவாக்கிய பிராவோ என்ற எழுத்து எடிட்டர் மென்பொருளைப் பற்றி உங்கள் துறையில் எல்லாரும் சொல்லும் கதை உண்டு. எழுதும் நிலையில் இருப்பதாக நினைத்து ஒருவர் எடிட் (EDIT) என்று நான்கு எழுத்தைத் தட்டினால், முதல் எழுத்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும், இரண்டாவது அழிக்கும், மூன்றாவது எழுதத் தொடங்கும், கடைசி எழுத்து மட்டும் பக்கத்தில் மிஞ்சும். அதே ஆய்வகத்தில் இருந்த லாரி டெஸ்லர் இதை வாழ்நாள் முழுக்க எதிர்த்தார். ஒரு விசை இப்போது ஒரு பொருள், பிறகு வேறு பொருள் என்று இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. டிம் மாட் என்பவரோடு சேர்ந்து அவர் செய்த ஜிப்சி எடிட்டர் அந்தக் கொள்கையில் எழுந்தது. நோ மோட்ஸ் (நிலைகள் வேண்டாம்) என்பதைக் கார் எண்பலகையிலேயே போட்டுக்கொண்டவர், 2020 பிப்ரவரியில் காலமானார். எழுதும் மென்பொருள்களில் அவர் பேச்சு எடுபட்டது. வடிவமைப்பு மென்பொருள்களில் எடுபடவில்லை. எடிட் என்ற சொல்லுக்கு அன்று நடந்தது அழைப்பிதழ் என்ற சொல்லுக்கு இன்று நடக்கிறது.

விசைக்கு விசை நடப்பது போதாதென்று, ஒலியியல் முறையில், அதாவது ஆங்கில எழுத்தின் ஒலியைக் கொண்டு தமிழ் தட்டுகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பலர் கவனிக்காத இடம் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒலியியல் முறையில் கே (K) தட்டினால் முதலில் க் வருகிறது. பிறகு ஏ (A) தட்டினால் புள்ளி போய் க ஆகிறது. புள்ளியை எடுக்கச் சில தட்டச்சுக் கருவிகள் மென்பொருளுக்கு ஒரு பேக்ஸ்பேஸை அனுப்புகின்றன. ஏறக்குறைய ஒவ்வொரு உயிர்மெய்க்கும் ஒரு பேக்ஸ்பேஸ். எழுத்துப் பெட்டிக்குள் இருக்கும்வரை அதனால் ஒன்றும் இல்லை. ஃபோகஸ் கேன்வாஸில் இருந்தால் பேக்ஸ்பேஸுக்கு என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும். தேர்ந்திருக்கிற உருவம் போய்விடும். ஆபரேட்டர் அந்த விசையைத் தொட்டிருக்கவே மாட்டார்.

போன ஆவணியில் எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த மென்பொருள் என்பது முக்கியமில்லை, பலவற்றிலும் நடக்கும். ஒரு ஆச்சி மகள் கல்யாணப் பத்திரிகைக்கு எங்கள் ஆபரேட்டர் பெண்ணுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பெயர் சொல்லிக்கொண்டிருந்தார். "லேனா மூனா லேனா. மூணு எழுத்தும் இருக்கணும் ஆத்தா, ஒண்ணு விட்டுப்போனா வேற வீடாயிரும்" என்று எழுத்தெழுத்தாகச் சொல்கிறார். அந்தப் பெண் பத்திரிகையின் மூலையில் இருந்த மயிலைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, பெயர் வரிக்கு நன்றாகப் பெரிதாக்கி, வரியில் கிளிக் செய்து தட்ட ஆரம்பித்தாள். கிளிக் எழுத்தில் விழவில்லை, மயிலின் சிறகு ஓரத்தில் விழுந்திருக்கிறது. பெரிதாக்கிய திரையில் சிறகின் நுனி மட்டும் ஒரு ஓரத்தில் தெரிந்தது. எழுத்து வரவில்லை என்று கண்டதும் மறுபடி கிளிக் செய்து, சரியாக எழுத்துக்குள் போய், பெயரை முழுதும் அடித்தாள். அந்த முதல் தட்டலிலேயே மயில் போய்விட்டது. ப்ரூஃப் எடுத்துக் கையில் கொடுத்ததும் ஆச்சி விரலை வைத்துக் காட்டினார். "இங்க இருந்த மயிலு எங்க ஆத்தா?"

ஆச்சிக்குக் கண் நன்றாக இருந்ததால் அது ப்ரூஃபோடு நின்றது. பெயர் சரிபார்க்கிறவர்கள் பெயரைத்தான் பார்ப்பார்கள், மூலையை எல்லாரும் பார்க்க மாட்டார்கள். பிளேட் போட்டு அட்டை அடித்த பிறகு தெரிந்திருந்தால் காசும் போகும், நாளும் போகும். அந்தப் பெண் மேல் தப்பு இல்லை என்று நான் அன்றைக்கே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். பெயரில் கண் வைத்துக்கொண்டிருந்தவள் அவள். விசை எங்கே போகிறது என்று பார்க்கவேண்டியது மென்பொருள்.

இனி இதன் மறுபக்கம். எழுத்து கட்டளையாக மாறுவது ஒன்று என்றால், கட்டளை செத்துப்போவது இன்னொன்று. தமிழ் விசைப்பலகை இயக்கத்தில் இருக்கும்போது சில மென்பொருள்களில் ஷார்ட்கட்டே வேலை செய்வதில்லை. வி விசையைத் தட்டினால் மென்பொருள் வி என்ற ஆங்கில எழுத்துக்குக் காத்திருக்கிறது. அதன் கைக்கு வருவது வகரம். கண்ட்ரோலோடு இசட் தட்டினால் அதற்கு ஔகாரம் கிடைக்கிறது, என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா இருக்கிறது. ஒரு பெயரைத் தமிழில் அடித்துவிட்டு, செய்ததைத் திருப்ப மொழியை மாற்றி, திருப்பிவிட்டு, மறுபடி மொழியை மாற்றி அடுத்த பெயர். ஒரு பத்திரிகையில் எத்தனை பெயர் வரும் என்பதைச் செட்டிநாட்டுக் கல்யாணத்துக்குப் போனவரிடம் கேளுங்கள்.

எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாறுங்கள் என்று டிடிபி (கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும்) தொழிலில் இருப்பவர்களிடம் பலரும் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களைக் கட்டிக்கொண்டு அழுகிறார்களே என்று வருத்தப்படுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். பாமினியில் அடிக்கும்போது மென்பொருள் தன் கைக்கு வருவது ஆங்கில எழுத்து என்றே நம்புகிறது. தமிழ் என்பது எழுத்துருவின் முகத்தில் மட்டும் இருக்கிறது. அதனால் ஒரு ஷார்ட்கட்டும் சாவதில்லை, பேக்ஸ்பேஸ் தானாக வருவதும் இல்லை, மொழி மாற்றவே வேண்டியதில்லை. பழைய எழுத்துருவை விடாததற்குச் சோம்பல் காரணம் இல்லை, கையின் வேகம் காரணம். என் கண்முன்னே யூனிகோடுக்கு மாறி, ஒரு முகூர்த்த மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டி, திரும்பப் பழைய வழிக்கே போன கடைகள் உண்டு. பாமினியில் அடித்த பெயர்களைத் தேட முடியாது, வாட்ஸப்பில் ஒட்ட முடியாது, இணையத்தில் போட முடியாது. அந்த நஷ்டத்தை அறிந்தே திரும்பிப் போனார்கள். கண்ட்ரோல் இசட்டை ஒழுங்காகக் கேட்காத மென்பொருளுக்கு அதில் பங்கு இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

மொழி மாற்றம் என்றதும் ஆல்ட் ஷிஃப்ட் நினைவுக்கு வருகிறது. ஆத்தங்குடிக் கல்லின் பூவேலையை வரிசையாகப் பரப்பிக் கேட்லாக் பக்கம் செய்யும்போது, ஒரு கல்லைப் பிடித்து ஆல்ட்டையும் ஷிஃப்டையும் அழுத்தியபடி இழுத்தால் அதே கல்லின் பிரதி நேர்கோட்டில் வந்து நிற்கும். எங்கள் கைக்கு மிகப் பழகிய வேலை. விண்டோஸில் இரண்டு மொழி வைத்திருந்தால், அதே ஆல்ட் ஷிஃப்ட்தான் மொழியை மாற்றும் ஷார்ட்கட்டாகவும் வந்து உட்கார்ந்திருக்கிறது. கல்லைப் பரப்பி முடிப்பதற்குள் மொழி எத்தனை தரம் புரண்டது என்று யாருக்குத் தெரியும்? திரையின் கீழ்மூலையில் சின்னதாக ஒரு குறி மாறும், அவ்வளவுதான். இதை விண்டோஸ் அமைப்பில் போய், உள்ளீட்டு மொழிக்கான ஷார்ட்கட்டை எடுத்துவிட்டு, விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் மட்டும் வைத்துக்கொண்டு தவிர்க்கலாம். தமிழில் டிசைன் செய்கிறவர்கள் எல்லாரும் இன்றைக்கே செய்துகொள்ள வேண்டிய வேலை இது. மென்பொருள் செய்கிற நீங்களும் முதன்முறை திறக்கும்போது, இரண்டு மொழி இருப்பதைக் கண்டால் ஒரு வரி எச்சரிக்கை காட்டலாமே.

பக்கப் பலகைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எழுத்தின் அளவை மாற்ற எண் பெட்டிக்குள் போகிறோம், எண்ணைத் தட்டி என்டர் அடிக்கிறோம். அதற்குப் பிறகு ஃபோகஸ் எங்கே? சில மென்பொருள்களில் கேன்வாஸுக்குத் திரும்புகிறது. சிலவற்றில் பெட்டியிலேயே தங்குகிறது. தங்கினால் அம்பு விசையைத் தட்டும்போது உருவம் நகராமல் எண் ஏறி இறங்குகிறது. அடோபியின் சில மென்பொருள்களில் என்டர் அடித்தால் ஏற்றுக்கொண்டு வெளியேறும், ஷிஃப்டோடு என்டர் அடித்தால் ஏற்றுக்கொண்டு அதே பெட்டியில் நிற்கும். இரண்டு விருப்பத்துக்கும் இரண்டு விசை, குழப்பமே இல்லை. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மவுஸ் எந்தப் பகுதியின் மேல் இருக்கிறதோ அந்தப் பகுதிதான் ஷார்ட்கட்டை வாங்கும். அதுவும் பழகிவிட்டால் தெளிவான விதி. எஸ்கேப் விசை எழுதியதை ஏற்பதா, கைவிடுவதா என்பதைப் போட்டோஷாப் இப்போது பயனரிடமே விட்டிருக்கிறது. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். எந்த விதி என்பதைவிட, ஒரு மென்பொருளின் எல்லாப் பலகையிலும் ஒரே விதி என்பதே எங்களுக்கு வேண்டும்.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். வழி தெரியாமல் கேட்கவில்லை, வழி உங்கள் கையிலேயே இருக்கிறது.

உலாவியில் ஓடும் மென்பொருள் செய்கிறவர்களுக்கு ஒவ்வொரு விசைத் தட்டலும் இரண்டு தகவலோடு வருகிறது. கீ (key) என்பது வந்த எழுத்தைச் சொல்லும், கோட் (code) என்பது விசையின் இடத்தைச் சொல்லும். தமிழ்99-இல் கீ வகரம் என்றாலும், கோட் அதே வி விசை என்றுதான் சொல்லும். கோட் தகவலை மட்டும் நம்பினால் விசை வரிசையே வேறான பிரெஞ்சுக்காரருக்குக் கஷ்டம். ஆகவே வந்தது லத்தீன் எழுத்தாக இருந்தால் அந்த எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விசையின் இடத்தைப் பாருங்கள். கண்ட்ரோலோடு வரும் எல்லா ஷார்ட்கட்டுக்கும் இந்த விதி எந்த மொழியிலும் விலக்கில்லாமல் நடக்க வேண்டும். கணினியில் நிறுவி ஓடும் மென்பொருளிலும் இது முடியும். இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளின் மூல நிரலைத் திறந்து பாருங்கள். வேறு மொழி விசைப்பலகை இயக்கத்தில் இருக்கும்போது அந்த விசைக்குரிய லத்தீன் எழுத்தைத் தேடி எடுப்பதற்கென்றே ஒரு செயற்கூறு இருக்கிறது. இலவச மென்பொருள் செய்கிற தன்னார்வலர்களுக்குத் தோன்றியது, சந்தா வாங்குகிற நிறுவனங்களுக்கும் தோன்ற வேண்டும்.

ஒற்றை விசைக் கட்டளைகளுக்கு வேறு காவல் வேண்டும். ஒரு விசை தனியாக வந்தால் அது கட்டளை என்று கொள்ளலாம். எந்த டிசைனரும் இரண்டு நொடிக்குள் ஒன்பது கருவி மாற்ற மாட்டார். தட்டச்சு வேகத்தில் அடுத்தடுத்து மூன்று நான்கு விசை வந்துவிட்டால் அது வழி தவறி வந்த எழுத்துதான். அந்த இடத்தில் நிறுத்தி, அந்த விசைகளால் மாறிய நிறத்தையும் கருவியையும் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, இதை எழுத்தாக இடவா என்று கேளுங்கள். கருவியையும் என்று அழுத்திச் சொல்கிறேன். கண்ட்ரோல் இசட் போன நிறத்தை மீட்டுத் தரும், மாறிய கருவியைத் திருப்பாது. கேன்வாஸுக்கு ஒரு தமிழ் எழுத்து வந்து, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கண்சிமிட்டும் நேரத்தில் ஒரு பேக்ஸ்பேஸ் வந்தால் அது மனிதக் கை தட்டியது இல்லை. அதற்காக ஒரு உருவத்தை அழிக்காதீர்கள். எழுத்து உருவாகிக்கொண்டிருக்கும்போது வரும் விசைகளுக்கு உலாவியே இஸ்கம்போசிங் என்ற குறியை வைத்துத் தருகிறது. அந்தக் குறி இருந்தால் ஷார்ட்கட் பக்கமே போகக் கூடாது. இந்த ஒரு சோதனையை நிரலில் சேர்க்க ஒரு வரி போதும்.

ஒற்றை எழுத்து ஷார்ட்கட்டுகளை அணைத்துவைக்கும் வசதியும் கேட்கிறேன். இது என் சொந்த ஆசை இல்லை. 2018 ஜூனில் வந்த வலை அணுகல்தன்மை வழிகாட்டுதலின் 2.1 பதிப்பில் 2.1.4 என்ற விதி இதற்கென்றே இருக்கிறது. எழுத்தையோ எண்ணையோ குறியையோ மட்டும் தட்டி இயங்கும் ஷார்ட்கட் இருந்தால், அதை அணைக்க வழி வேண்டும், அல்லது கண்ட்ரோல், ஆல்ட் போன்ற விசையோடு சேர்த்து மாற்றிக்கொள்ள வழி வேண்டும், அல்லது அந்தப் பகுதியில் ஃபோகஸ் இருக்கும்போது மட்டும் அது இயங்க வேண்டும். மூன்று நிலைகளில் முதல் நிலையான ஏ நிலையிலேயே இது வருகிறது, குறைந்தபட்சத் தேவை என்று பொருள். பேச்சால் கணினியை இயக்குகிறவர்களையும் கை தவறி விசை படுகிறவர்களையும் மனத்தில் வைத்து எழுதிய விதி. பெயர் வரி அடிக்கும் தமிழ் ஆபரேட்டருக்கும் அப்படியே பொருந்துகிறது. பத்திரிகையில் பெயர் அடிக்கிற அரைமணி நேரம் அவற்றை அணைத்துவிட்டு, படவேலைக்கு வரும்போது திரும்பப் போட்டுக்கொள்ள ஒரு பொத்தான் இருந்தால் எங்கள் பாதிப் பயம் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஃபோகஸ் எங்கே என்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டுங்கள். இருண்ட பின்புலத்தில், நாலைந்து மடங்கு பெரிதாக்கிய பக்கத்தில், தங்கநிற எழுத்துக்கு நடுவே மெல்லிய கர்சரைத் தேடுவது இருபது வயதுக் கண்ணுக்கே சிரமம். எங்கள் கடைகளில் கண்ணாடி போட்ட ஆபரேட்டர்கள் நிறைய. எழுதும் நிலையில் இருக்கும்போது பெட்டியைச் சுற்றி ஒரு தடித்த நிறக்கோடு, எழுதும் நிலை முடிந்ததும் அந்தக் கோடு மறைவது, தேர்ந்த உருவம் திரைக்கு வெளியே இருந்தால் ஓரத்தில் ஒரு சிறு குறி. பெரிய ஆராய்ச்சி வேண்டிய வேலை இல்லை இது. ஆச்சியின் மயில் போன அன்று அந்தக் குறி ஒன்று இருந்திருந்தால் எங்கள் பெண் தட்டியிருக்கவே மாட்டாள்.

உங்கள் அலுவலகத்தில் சோதிப்பவர்களுக்கு ஒரு சிறு வேலை கொடுங்கள். விண்டோஸ் 10-க்கு 2019 மே மாதம் வந்த பதிப்பிலிருந்து தமிழ்99-உம் அஞ்சல் என்ற ஒலியியல் முறையும் விண்டோஸோடேயே வருகின்றன. எதையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. தமிழ்99-ஐப் போட்டு, நிறம் நிரப்பிய ஒரு சதுரத்தைத் தேர்ந்துவிட்டு, எழுத்துப் பெட்டி எதிலும் நுழையாமல் அழைப்பிதழ் என்று அடிக்கச் சொல்லுங்கள். பிறகு தமிழை அணைத்துவிட்டு அதே விசைகளை அடிக்கச் சொல்லுங்கள். பிறகு அஞ்சல் முறையில் ஒரு தடவை. வெளியிலிருந்து நிறுவுகிற தட்டச்சுக் கருவி ஒன்றிலும் ஒரு தடவை. கடைசியாகத் தமிழ் இயக்கத்தில் இருக்கும்போதே கண்ட்ரோல் இசட், கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். சதுரம் நிறத்தோடு இருந்த இடத்திலேயே இருந்தால் உங்கள் மென்பொருள் தேறியது. இல்லாவிட்டால் அதைப் பிழைப் பட்டியலில் ஏற்றுங்கள். தமிழ்ப் பயனர்கள் குறைவு என்று மேலே இருப்பவர்கள் சொன்னால், ரஷ்யரும் கிரேக்கரும் அரபியரும் தாய்லாந்துக்காரரும் இதே படியில்தான் தடுக்கி விழுகிறார்கள் என்று சொல்லுங்கள். லத்தீன் அல்லாத எழுத்தில் அடிக்கிற எல்லாருக்கும் ஒரே மருந்து.

நேரில் பார்க்க நினைத்தால் காரைக்குடிக்கு வாருங்கள். ஆடி முதல் பாதியில் வர வேண்டாம், அப்போது வேலை குறைவு, எல்லாம் நன்றாக ஓடுவதுபோலத் தெரியும். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்னால் வந்து, ஆபரேட்டருக்குப் பின்னால் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். திரையைப் படம்பிடித்துக்கொள்ளவும் விடுகிறோம், வாடிக்கையாளர் பெயர்களை மட்டும் மறைத்துவிடுங்கள். எங்கள் ஆபரேட்டர் பெண்ணிடம் நேராகக் கேளுங்கள். எந்த விசை எங்கே கைவிடுகிறது என்று என்னைவிட அவள் நன்றாகச் சொல்வாள்.

இப்படிக்கு,
காரைக்குடியில் பத்திரிகை வடிவமைக்கும் ஒருவன்